உங்கள் டேட்டாவை எண்ணும் மீட்டர்

செல்போன் கட்டணம் ஏறும்போதெல்லாம் டவர் வைக்கும் செலவு, ஸ்பெக்ட்ரம் ஏலத்தில் கொடுத்த கோடிகள் என்றுதான் பேச்சு ஓடுகிறது. அந்தச் செலவுகள் உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நம் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதில் இன்னொரு விஷயத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது: எதை எண்ணுவது, எந்த இடத்தில் எண்ணுவது, யார் தலையில் எழுதுவது என்ற விதி. இதை மனிதர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், பலமுறை மாற்றியும் இருக்கிறார்கள். அதில் சில மாற்றங்கள் சாதாரண ஜனங்கள் எழுதிக் கேட்டதால் வந்தவை.

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். பாதிப் பேருக்கு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சொந்தம் இருக்கும். அத்திப்பள்ளி தாண்டியதும் கர்நாடக வட்டம், அதாவது தொலைத்தொடர்புக்காகப் பிரித்த பகுதி, முடிந்து தமிழ்நாடு வட்டம் தொடங்கிவிடும், உடனே ரோமிங். 2003 மே மாதம் வரை நம் ஊருக்குள்ளேயே இருந்தாலும் வரும் அழைப்புக்குக் காசு போனது. அழைப்பவரே கட்டட்டும் என்று விதி மாறிய பிறகும், எல்லை தாண்டினால் வரும் அழைப்புக்குக் காசு போய்க்கொண்டுதான் இருந்தது. ஏனென்றால் பெங்களூர் நம்பருக்கு வரும் அழைப்பு முதலில் கர்நாடக நெட்வொர்க்குக்குப் போகும், ஆள் எங்கே இருக்கிறார் என்று பதிவேட்டில் தேடும், அப்புறம் அங்கிருந்து நீண்ட தூர இணைப்பில் ஓசூருக்குத் திருப்பி விடப்படும். அந்தத் திருப்பலுக்கு ஒரு செலவு உண்டு என்பது சரி. ஆனால் நிமிடத்துக்கு எவ்வளவு? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் உச்சவரம்பை 75 காசு என்று வைத்தது, 2015 மே மாதம் 45 காசாகக் குறைத்தது, இன்று சாதாரண பேக் எதிலும் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவரும் வயரும் அதே டவர், அதே வயர்தான், விதி மட்டும்தான் மாறியது.

டேட்டாவுக்கு வருவோம், சண்டை அதிகம் நடந்தது இங்கேதான்.

நீங்கள் ஒரு வீடியோவைத் தட்டினால் அது சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக உடைந்து வருகிறது. 4ஜி டவர் ஒன்றில் ஷெட்யூலர் என்ற நிரல் ஓடுகிறது, அது ஒவ்வொரு மில்லி விநாடியும் இந்த நொடித்துண்டில் இந்த அலைவரிசைத் துண்டு யாருக்கு என்று பங்கு போடுகிறது. யாருக்கு சிக்னல் நன்றாக இருக்கிறது, யார் வரிசையில் காத்திருக்கிறார் என்று அது பார்க்கும். கம்பெனியின் சொந்தக் குரல் அழைப்புக்கு, அதாவது வோல்ட்டிக்கு, தனிப் பாதை உண்டு. மற்றபடி உங்கள் இணைய டேட்டா எல்லாம் ஒரே பாதையில்தான் வழக்கமாக வருகிறது, அதில் வாட்ஸ்அப்பின் 1 எம்பியும் யூடியூபின் 1 எம்பியும் அலைவரிசையில் அடைக்கும் இடம் ஒன்றுதான். செலவைக் கூட்டுவது நெரிசல். அல்சூர் மார்க்கெட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு 1 எம்பி அனுப்புவது கஷ்டம், அதே 1 எம்பியை அதிகாலை மூன்று மணிக்கு அனுப்புவது ஒன்றுமே இல்லை.

மீட்டர் டவரில் இல்லை. அது நெட்வொர்க்கின் மையத்தில், இணையத்துக்குள் நுழையும் வாசலில் இருக்கும் கேட்வேயில் இருக்கிறது. கட்டணக் கணினியிடம் கேட்வே கொஞ்சம் கொஞ்சமாக அளவு வாங்கும், அது தீர்ந்ததும் மறுபடி கேட்கும், உங்கள் பேக்கில் மிச்சம் இல்லை என்றால் நிறுத்தும் அல்லது வேகத்தைக் குறைக்கும். பல பேக்குகளில் 64 கேபிபிஎஸ் என்று போட்டிருப்பார்களே, அந்த வேகத்தில் 1 எம்பி படம் ஒன்று வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எண்ணுவது கேட்வேயில் என்பதால், எண்ணிய பிறகு டவரிலிருந்து போனுக்கு வரும் வழியில் தொலைந்த பாக்கெட்டும் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். போன் காட்டும் கணக்கும் கம்பெனி காட்டும் கணக்கும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த கேட்வேக்குள் ஒரே ஆளுக்குப் பல மீட்டர் வைக்க முடியும் என்பதுதான் முக்கியம். இந்த ஆப்பில் போகும் பாக்கெட் முதல் மீட்டரில் ஏறட்டும், அந்த ஆப்பில் போவது இரண்டாவது மீட்டரில் ஏறட்டும், இரண்டாவதுக்கு விலை பூஜ்யம் என்று எழுதிவிட்டால் அதுதான் ஜீரோ ரேட்டிங். அதற்கு எந்தப் பாக்கெட் எங்கே போகிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். இப்போது பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்து, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகின்றன, அப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஒட்டிய தபால் உறையின் மேல் முகவரி தெரிவது போல, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது பெரும்பாலும் வெளியில் தெரியும். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக, அதாவது இணைய முகவரி எண்ணாக, மாற்றக் கேட்கும்போது தெரியும், அந்த எண்ணே பல நேரம் காட்டிக்கொடுக்கும், இணைப்பு தொடங்கும்போது போன் அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் திறந்தபடியே இருக்கும். அதையும் மறைக்கும் வழி இப்போது வந்திருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் பரவவில்லை.

ஆக, ஒரு ஆப் இலவசம் என்று சொல்ல வேண்டுமானால் நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்தையும் கவனித்தாக வேண்டும். அதே கருவியை வைத்து ஒன்றை இலவசமாக்கலாம், ஒன்றை மெதுவாக்கலாம், ஒன்றுக்குக் கூடுதல் கட்டணம் போடலாம். இலவசம்தானே, நல்லதுதானே என்று நினைப்பவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான்.

இது கற்பனை இல்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையவழிக் குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. 2015 மார்ச் கடைசியில் டிராய் 118 பக்கத்தில், பொதுவில் கருத்து கேட்கும் ஒரு கலந்தாய்வுத் தாள் வெளியிட்டது, வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று 20 கேள்விகள், எல்லாம் சட்ட மொழியில். வழக்கமாக இந்தத் தாள்களுக்குக் கம்பெனிகளும் ஒருசில அமைப்புகளும்தான் பதில் எழுதும். இந்த முறை பல ஊர்களிலிருந்து தன்னார்வலர்கள், அதில் பெங்களூர் புரோகிராமர்களும் உண்டு, கேள்விகளைப் பிரித்துப் படித்து எளிமையான பதில்களை எழுதி ஒரு தளத்தில் போட்டார்கள். படித்துவிட்டு, வேண்டுமானால் திருத்தி, உங்கள் சொந்த மெயிலிலிருந்து டிராய்க்கு அனுப்பலாம். மும்பையிலிருந்து ஒரு நகைச்சுவைக் குழு விளக்க வீடியோ போட்டது, அது காட்டுத்தீயாகப் பரவியது. கடைசித் தேதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போனது. அதே ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது, ஆப் கம்பெனி காசு கொடுத்தால் அதன் டேட்டா வாடிக்கையாளருக்கு இலவசம். அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த நம் பெங்களூர் ஃபிளிப்கார்ட்டின் ஆப்புக்கு ஜனங்கள் ஒற்றை நட்சத்திரமாகக் கொடுத்துத் தள்ளினார்கள், சில நாளிலேயே அது விலகியது.

அடுத்து ஃப்ரீ பேசிக்ஸ். ஃபேஸ்புக் அதை ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து வேறு பெயரில் 2015 பிப்ரவரியில் இங்கே கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம், எல்லாம் ஃபேஸ்புக்கின் இடைநிலை சர்வர் வழியாகத்தான் போகும், வீடியோ, இணைய அழைப்பு மாதிரி கனமான எதுவும் கூடாது. ஏழைகளுக்கு இணையம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. எனக்கு அதில் கோபம் வந்த இடம் இதுதான்: பணம் இல்லாதவருக்கு எந்தத் தளம் போதும் என்பதை ஒரு கம்பெனி முடிவு செய்யும். ஐஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் பலர் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2015 டிசம்பரில் டிராய் வேறுபட்ட கட்டணம் பற்றி மறுபடி கருத்து கேட்டபோது, ஃபேஸ்புக் தன் பயனர்களை ஒரு பட்டன் தட்டி ஆதரவு மெயில் அனுப்ப வைத்தது, லட்சக்கணக்கில் வந்தன. ஆனால் தான் கேட்ட கேள்விகளுக்கு அவை பதில் சொல்லவில்லை என்று டிராய் சொன்னது. கலந்தாய்வில் தலை எண்ணுவதில்லை, கேள்விக்கு என்ன பதில், அதற்கு என்ன காரணம் என்றுதான் பார்க்கிறார்கள்.

2016 பிப்ரவரி 8-ஆம் தேதி தீர்ப்பு மாதிரி ஒரு விதி வந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அவசர காலத்துக்கு விலக்கு உண்டு. வேகத்தைக் குறைப்பது, தடுப்பது பற்றிய விதிகள் 2018-இல் கம்பெனிகளின் உரிம நிபந்தனைக்குள் வந்தன.

விலை குறைந்தது இதனால் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து போட்டி வெடித்ததால்தான் 1 ஜிபி 200 ரூபாய்க்கு மேல் இருந்தது பத்துப் பதினைந்து ரூபாய்க்கு இறங்கியது. பிரச்சாரம் காப்பாற்றியது வேறொன்றை, அந்த மலிவான 1 ஜிபியை எங்கே செலவழிப்பது என்ற முடிவு நம் கையில் இருப்பதை.

இப்போது போட்டியாளர்கள் குறைந்துவிட்டார்கள், 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. இப்போது அடி விழுவது வேறு மீட்டரில், அதாவது வேலிடிட்டியில். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். புகார்கள் குவிந்த பிறகு 2022 ஜனவரியில், 30 நாள் பேக் ஒன்றும் மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றுமாவது கட்டாயம் வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. எங்கள் தெருவில் பட்டன் போன் வைத்திருக்கும் அக்கா ஒருவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், பல வருடமாகத் தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தார், அழைப்பு மட்டும் உள்ள பேக் என்று ஒன்று கடையில் இல்லவே இல்லை. 2024 டிசம்பர் விதி அதைக் கட்டாயமாக்கியது: அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் இருக்க வேண்டும், வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம். ரீசார்ஜ் கடையில் டேட்டா இல்லாத பேக் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

பெரிய வீடியோ கம்பெனிகள் நெட்வொர்க் செலவில் பங்கு தரட்டும் என்று தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம், ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் வசூலிக்கும் யோசனை இது, அந்தக் காசும் சுற்றி வந்து சந்தாவில் நம் மேல்தான் விழும். இன்னொன்று 5ஜியின் ஸ்லைசிங், ஒரே டவரைப் பல துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வேகம், தனி தாமத வரம்பு உறுதி செய்யும் வசதி. தொழிற்சாலைக்கோ ஆம்புலன்ஸுக்கோ அது உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் அலைவரிசை அதேதான், ஒரு துண்டுக்கு உறுதி கொடுத்தால் நெரிசல் நேரத்தில் மற்றவர்களுக்கு அந்த அளவு குறையும். இதைப் பற்றி அடுத்த தாள் வரும்போது டிராய்க்கு எழுதிக் கேட்க வேண்டியவை இரண்டு. அந்தத் துண்டுக்குள் நுழைய எல்லா ஆப்புக்கும் ஒரே விலை, ஒரே நிபந்தனைதானா? சாயங்காலம் ஏழு மணிக்கு, சாதாரண பேக்கில் இருப்பவருக்கு அந்த டவரில் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம் உறுதி?