டயல்அவுட்: ஒரு குழுப் பெயரின் கதை

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை லினக்ஸ் கணினியில் செருகி நிரலை ஏற்றப் பார்த்தால், பல நேரம் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்து நிற்கும். உங்கள் பயனர் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும் என்பார்கள். சரியாகியும் விடும். ஆனால் டயல்அவுட் என்றால் தொலைபேசியில் வெளியே அழைப்பது. யூஎஸ்பி கம்பியில் தொங்கும் பலகைக்கும் தொலைபேசிக்கும் என்ன உறவு?

லினக்ஸில் பெரும்பாலான சாதனங்கள் ‘டெவ்’ அடைவுக்குள் கோப்புகளாகத் தெரியும். கோப்பு என்றால் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்றடுக்கு அனுமதி உண்டு. ஆர்டுயினோ பலகை அங்கே சீரியல் போர்ட்டாக, அதாவது தரவு ஒவ்வொரு பிட்டாக வரிசையில் போய்வரும் முனையாகத் தெரியும். டெபியன், உபுண்டு, பெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளில் சீரியல் போர்ட்டுகளின் உரிமையாளர் ரூட் (நிர்வாகிக் கணக்கு), குழு டயல்அவுட், அனுமதி எண் 660. ரூட்டும் குழுவில் இருப்பவரும் படிக்கலாம், எழுதலாம். மற்றவருக்கு எதுவும் கிடையாது.

‘டயல்’ என்பதன் வேர், நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘டியெஸ்’. சூரியக் கடிகாரத்தைக் குறித்தது, பிறகு கடிகார முகப்புக்கும், அப்புறம் தொலைபேசியின் எண்வட்டுக்கும் போனது. கடைசியில் வட்டைச் சுழற்றி அழைப்பதே டயல் ஆனது. ஒரு காலத்தில் சீரியல் போர்ட்டில் பெரும்பாலும் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம்தான் இருந்தது. டயல்அவுட் குழுவில் இருப்பவர் மோடத்தின் அமைப்பையே மாற்றலாம், எந்த எண்ணுக்கும் அழைக்கலாம். டெபியனில் இதற்குப் பக்கத்திலேயே ‘டிப்’ என்று இன்னொரு குழு உண்டு. ‘டயல்அப் ஐபி’ (தொலைபேசி வழி இணைய இணைப்பு) என்பதன் சுருக்கம். அதில் இருப்பவர் இணைப்பு நிரலை இயக்கலாம், மோடத்தில் கை வைக்க முடியாது. யாரை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை அன்றே யோசித்துப் பிரித்திருக்கிறார்கள். ஆர்ச் லினக்ஸில் இதே வேலைக்கான குழுவின் பெயர் ‘யூயூசிபி’. அதுவும் தொலைபேசி வழியே கோப்பு அனுப்பிய பழைய யூனிக்ஸ் நிரலின் பெயர்தான்.

தமிழில்? ‘வெளியழைப்பு’ என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் கையேட்டில் ‘வெளியழைப்புக் குழு’ என்று படிப்பவர் போனைத்தான் தேடுவார். குழு இன்று செய்யும் வேலையைப் பார்த்தால் சீரியல் போர்ட்டைத் தொடர்முனை என்று கொண்டு ‘தொடர்முனைக் குழு’ என்பதே என் தேர்வு. விளக்கத்தில் மட்டும்; கட்டளையில் டயல்அவுட் என்றே தட்ட வேண்டும்.

குழுவில் சேர்க்கும் ‘யூசர்மாட்’ கட்டளையில் பெரிய ‘ஜி’யோடு சிறிய ‘ஏ’யையும் மறக்காதீர்கள். ‘ஏ’ விட்டுப்போனால் நீங்கள் இருக்கும் மற்ற துணைக்குழுக்களிலிருந்து பெயர் போய்விடும். உபுண்டுவில் நிர்வாகியாகக் கட்டளையிடும் ‘சூடோ’ உரிமையும் அதோடு போகும். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் பலன் தெரியும். இதெல்லாம் எதற்கு என்று சாதனக் கோப்பின் அனுமதி எண்ணை 666 ஆக்கித் திறந்துவிடுபவர்களும் உண்டு. கணினியில் யார் வேண்டுமானாலும் அந்தச் சாதனத்தில் எழுதலாம் என்று ஆகிவிடும்; கம்பியைப் பிடுங்கிச் செருகினால் கோப்பு புதிதாகப் பிறந்து பழைய 660க்கே திரும்பியும் விடும்.

சீரியல் போர்ட்டாகத் தெரியாத யூஎஸ்பி சாதனம் என்றால் டயல்அவுட் உதவாது. அதற்கு, சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் ‘யூடெவ்’ நிரலுக்கு விதி எழுதி ‘யூஅக்சஸ்’ என்ற குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்போது கணினி முன் உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவருக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். விதிக்கோப்பின் பெயர் 73ஐவிடச் சிறிய எண்ணில் தொடங்கட்டும், இல்லாவிட்டால் குறிச்சொல் வேலை செய்யாது.