ஒருநாள் விட்டு ஒருநாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கியபோது, ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "சார், என் மகள் இந்த ஆண்டு எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதுகிறாள். இரவு ஒரு மணிவரை சரித்திரப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சையில் எல்லாம் மறந்துவிடுகிறது என்று அழுகிறாள். வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை."

மகளும் பக்கத்தில்தான் நின்றாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறத்தில் கோடுகள். பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த மலாயன் யூனியன் பற்றிய பாடத்தில் தாளின் ஓரம் நைந்து துணிபோல ஆகியிருந்தது. புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, "1946இல் மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்?" என்று கேட்டேன்.

"சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். "அந்தப் பக்கம் அப்படியே கண்ணில் நிற்கிறது சார். சொல்லத்தான் வரவில்லை."

இந்தப் பெண்ணிடம் உழைப்புக்குக் குறைவில்லை, மூளையிலும் கோளாறில்லை. பார்த்ததை அடையாளம் காண்பது ஒரு வேலை. பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது இன்னொரு வேலை. ஈப்போ கல்லுமலைத் தைப்பூசக் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று தோன்றுகிறது, பெயர் மட்டும் வருவதில்லை அல்லவா? அதே நிலைதான். ஒரே பக்கத்தைப் பத்து முறை படித்தால் முகம் பழகிவிடுகிறது. பரீட்சையோ பெயரைக் கேட்கிறது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மறுசாரார் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். எழுதியது சரியா தவறா என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஆக, பரீட்சை வாசலில் நின்று கடைசியாக ஒருமுறை புரட்டுகிறவருக்குப் பலன் உண்டு. ஆனால் மூன்று மாதம் முன்பு படித்த பாடத்தை அந்த வழியில் காப்பாற்ற முடியாது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு செய்தி மூளையில் ஒரே இடத்தில் பொட்டலமாக இருப்பதில்லை. பல நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த வலையாக இருக்கிறது. கேள்வி அந்த வலையின் ஒரு நூலை மட்டும் இழுக்கிறது. மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அந்த ஒரு நூலைக்கொண்டே மீதி வலையை எழுப்பப் பார்க்கிறது. எழும்போதெல்லாம் பிணைப்புகள் உறுதிப்படுகின்றன. புத்தகம் திறந்திருந்தால் முழு வலையையும் பக்கமே காட்டிவிடுகிறது. மூளைக்கு எழுப்பிப் பார்க்கும் வேலை இல்லை. சொல்ல வராமல் தவிக்கும் அந்தச் சில விநாடிகள் வீண் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். படிப்பு நடப்பதே அப்போதுதான்.

திரும்பத் திரும்ப எடுத்தால் கூடும் என்பதை நான் முதலில் பார்த்தது ரப்பர்த் தோட்டத்தில். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு தன் மர நிரைக்குப் போவார். நானும் சில நாள் பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போயிருக்கிறேன். புதிதாகக் கத்தி வைத்த மரத்தில் முதல் சில நாள் பால் கொஞ்சமாகக் கசிந்து உறைந்துவிடும். அதே வெட்டில் ஒரு மெல்லிய சீவல், பிறகு இன்னொன்று என்று தொடர்ந்தால் பால் கூடிக்கொண்டே வரும். மரத்தை வெட்டிச் சாகடிக்காமல் இப்படிப் பட்டையை மெல்லச் சீவியே திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்று காட்டியவர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. ஆனால் அம்மா ஒரு மரத்தைத் தினமும் தொடமாட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பட்டைக்குள் வடிந்துபோன பால்குழாய்களில் பால் மறுபடி ஊற வேண்டும். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டுவிடும்.

நினைவும் இடைவெளி கேட்கிறது. ஒரே இரவில் ஐந்து முறை படிப்பதைவிட, இன்று ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று பிரித்தால் அதே உழைப்பு நெடுநாள் நிற்கிறது. ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இலேயே இதை எழுதிவிட்டார். 2000ஆம் ஆண்டு நோபல் பெற்ற எரிக் கேண்டல் ஆராய்ந்த கடல் நத்தைகூட, இடைவெளி விட்டுப் பழக்கினால்தான் நெடுநாள் நினைவு வைத்துக்கொள்கிறது. மரத்துக்கும் நினைவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: நினைவிலிருந்து எவ்வளவு எடுத்தாலும் குறைவதில்லை.

ஆகவே அந்த அம்மாவிடம் சொன்னேன்: ஆறாம் வகுப்போடு நின்றதில் குறையே இல்லை. புத்தகத்தை மூடி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் செய்துகொண்டே, "முந்தாநாள் என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று தமிழில் கேளுங்கள். மலாயில் படித்ததைத் தமிழில் சொல்லவேண்டும் என்றால் வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது; பொருளைத்தான் எடுத்தாக வேண்டும். தடுமாறினால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பிறகு திறந்து அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் தலையிடுவதைவிட, படிப்பின் மதிப்பையும் வருங்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவதே அதிகப் பலனோடு தொடர்புடையது என்று, இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவ வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஹில், டைசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது.

பள்ளிகள் செய்யவேண்டியதும் இதுவே. வகுப்பு தொடங்கும்போது போன வாரப் பாடத்திலிருந்து ஐந்து கேள்விகள், புள்ளி கிடையாது, பெயர்ப் பட்டியலும் கிடையாது. சோதனை என்றாலே பயம் என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, கடைசி இரண்டு மாதம் தேர்வுக் கருத்தரங்குகளில் குவித்துவைப்பது பட்டை வறண்ட மரத்தை வெட்டுவதுபோல. ஒரு மரத்தை வாரத்துக்கு எத்தனை முறை வெட்டலாம் என்று கண்டறிய இந்நாட்டில் 1925 முதல் ரப்பருக்கென்றே ஆய்வுக்கழகம் இயங்கியது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய் என்று வளரும் தோட்டப்புறப் பிள்ளையிடம் எந்தக் கேள்வியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்பது என்று ஆராயவும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்கவேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். பிள்ளைக்கு அது தைரியம் தருகிறது. ஆனால் பரீட்சைக் காலம் பார்த்து ஞாபகசக்தித் தாயத்தையும் மருந்தையும் கூலிக்காரர் வீட்டுப் பணத்தைக் குறிவைத்து விற்பவர்களை நினைத்தால் கோபம் வருகிறது.

தூக்கத்தைப் பற்றியும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். பகலில் படித்ததை மூளை ஆழ்ந்த தூக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. அவர்கள் வீட்டுத் திருப்பத்தில் பள்ளி பஸ் ஆறேகாலுக்கு வருகிறதாம். வல்லாரையை மாத்திரையாக வேண்டாம், துவையலாக அரைத்துக் கொடுங்கள், பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள் என்றேன்.