பாரிஷ்: பங்கா, ஊரா?

வேல்ஸ் நிலக்கரி ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதியைக் குறிக்கும் ‘பாரிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகில், ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்த ‘பரோய்க்கியா’, வேற்றூரில் வந்து தங்கி வாழ்வதைக் குறித்தது. இவ்வுலகில் தாங்கள் தங்கிப் போகிறவர்களே என்று நம்பிய தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தங்கள் சபையை அப்படி அழைத்தார்கள். பிறகு லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. வெல்ஷ் சொல்லோ ‘ப்ளூய்வ்’. பொதுமக்களைக் குறிக்கும் லத்தீன் ‘ப்ளெப்ஸ்’தான் அதன் வேர்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதைப் ‘பங்கு’ என்பார்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. தென்னிந்தியத் திருச்சபையில் ‘சேகரம்’. தேவாலயத்தை மட்டும் பேசினால் இவையே போதும். ஆனால் 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், ஏழைகளைப் பராமரிக்க வரி தண்டும் பொறுப்பைப் பாரிஷிடம் கொடுத்தது. அதிலிருந்து அது நிர்வாக எல்லையும் ஆனது.

வேல்ஸின் ரோண்தா பள்ளத்தாக்கிலிருந்த அஸ்ட்ராடவோடுக் என்ற பாரிஷைப் பாருங்கள். ‘டவோடுக் என்ற புனிதரின் பள்ளத்தாக்கு’ என்று பொருள். செங்குத்தான மலைகள், ஒடுங்கிய ஆற்றுவெளி, ஆடு மேய்ப்பவர்கள், டோன் பென்ட்ரே என்ற இடத்தில் ஒரு ஆங்கிலிக்கன் கோயில். 1801-இல் மக்கள்தொகை வெறும் 542; 1851-லும் ஆயிரத்தைத் தொடவில்லை. 1855 டிசம்பரில் மேற்பகுதியிலுள்ள ட்ரெஹெர்பெர்ட்டிலிருந்து நீராவி எந்திரங்களுக்கு ஏற்ற நிலக்கரி முதன்முதலாகக் கார்டிஃப் துறைமுகத்துக்குப் போனது. அப்புறம் கூட்டம் பெருகியது. வீடு கட்டச் சமதளம் இல்லாததால் மலைச்சரிவை ஒட்டி நீளநீளமாக வரிசை வீடுகள் எழுந்தன. 1877-இல் சுகாதார மாவட்டம் அமைந்தபோதும் அந்தப் பழைய பெயரையே வைத்தார்கள். 1897-இல்தான் அது ‘ரோண்தா’ ஆனது. அக்கம்பக்கப் பகுதிகளும் சேர்ந்த அந்த மாவட்டத்தில் 1911-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

இவர்களில் மிகப் பலர் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. ஆங்கிலிக்கன் சபையில் சேராத பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், சுதந்திர சபையினரின் வழிபாட்டு இல்லங்களான சேப்பல்களே சுரங்கத் தொழிலாளர்களின் கூடம், பாட்டு மேடை, பள்ளி எல்லாம். இவர்களைப் ‘பங்கு மக்கள்’ என்று எழுதினால், அந்தப் பள்ளத்தாக்கின் சமய வாழ்க்கையையே திரித்துச் சொல்வதாகிவிடும். 1920-இல் வேல்ஸில் ஆங்கிலிக்கன் சபை அரசுத் தொடர்பிலிருந்து பிரிக்கப்பட்டதற்கு இந்தச் சேப்பல் மக்களின் நெடுங்காலப் போராட்டமே காரணம்.

ஆகவே தேவாலயம் பேசப்படும் இடத்தில் பங்கு என்றே எழுதலாம், சேகரம் என்றாலும் சரி. வரி, எல்லை, மக்கள்தொகை வரும் இடத்தில் ‘பங்கு வட்டாரம்’ எனலாம். பல சிற்றூர்களை ஒரே பெயரில் அடக்கும் நம் வருவாய்க் கிராமம் பொருளில் இதற்கு நெருங்கியது. ஆனால் அந்தப் பெயரை அப்படியே போட்டால் கோயில் தொடர்பு காணாமல் போகும். 1974-க்குப் பிறகு வேல்ஸில் நிர்வாகப் பாரிஷே கிடையாது. அதற்குப் பதிலாக ‘கம்யூனிட்டி’ வந்தது. எனவே இன்றைய அமைப்பைப் பேசும்போது ‘பங்கு வட்டாரம்’ பொருந்தாது.