கொள்ளுக்குத் தெரிந்த ரத்த வகை

கொங்கு வீடுகளில் வாரம் ஒருமுறையாவது கடையும் கொள்ளுக்கு ரத்த வங்கியிலும் வேலை உண்டு. 'ஏ' வகை ரத்தத்தில் ஏ1, ஏ2 என உட்பிரிவுகள் இருக்கின்றன. கொள்ளு விதையின் சாற்றில் சரியான அளவில் தண்ணீர் கலந்து ரத்தத்தில் விட்டால் ஏ1 சிவப்பணுக்கள் திரண்டுவிடும். ஏ2 அப்படியே கிடக்கும். 1951-ல் இந்தியாவில் இருந்தபடி இதைச் சொன்னவர் பேர்ட் என்ற ஆய்வாளர்.

திரள வைப்பது லெக்டின் என்ற புரதம். சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியை அது பிடித்துக்கொள்கிறது. ஏ வகையில் அந்த நுனி என்-அசிட்டைல் கேலக்டோசமைன், பி வகையில் கேலக்டோஸ், ஓ-வில் இரண்டும் இல்லை. வகை மாற்றி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்கிறோமே, அந்த வித்தியாசம் இந்த ஒற்றைச் சர்க்கரைதான். (வேகவைத்தால் லெக்டின் செயலிழந்துவிடும். பருப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.)

நம் செல்கள் எல்லாமே இப்படிச் சர்க்கரை போர்த்தியவைதான். ஆனால் அதைப் படிப்பது பெரும்பாடு. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை 6 விதமாகத்தான் கோக்க முடியும். சர்க்கரையோ பல முனைகளில் ஒட்டும், கிளையும் விடும். இரண்டு குளுக்கோஸ் மட்டுமே 11 விதமாக இணையலாம். மூன்று வெவ்வேறு சர்க்கரை என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இதற்கு அச்சுப்படி கிடையாது. புரதத்தின் வரிசை மரபணுவில் எழுதியிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலி திருப்பூர் பனியன் மாதிரி: நிட்டிங், சாயப்பட்டறை, பவர் டேபிள் என்று கைமாறிக்கொண்டே போகும், ஒரு இடத்தில் ஆள் குறைந்தாலும் சரக்கு வேறாக வரும். செல்லுக்குள் கோல்கி என்ற பகுதியில் நொதிகள் ஒவ்வொன்றாகச் சேர்த்தும் வெட்டியும் விடுகின்றன. அதனால் ஒரே புரதம் ஒரே செல்லிலிருந்து வெவ்வேறு சர்க்கரைகளோடு வெளிவருகிறது. டி.என்.ஏ.வைப் போல நகலெடுத்துப் பெருக்கவும் வழியில்லை. சரி, எடை போட்டுப் பார்க்கலாமா? குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ் மூன்றுக்கும் எடை ஒன்றே!

அப்படியிருக்க, சர்க்கரையை அடையாளம் கண்டு பிடிக்கும் விதை லெக்டின்களை ஆய்வாளர்கள் ஏன் கைவிடுவார்கள்? நிலக்கடலை லெக்டின் பிடிப்பது ஒரு சர்க்கரை இணையை. ஆரோக்கியமான செல்களில் அது பெரும்பாலும் சயாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரையின் அடியில் மறைந்திருக்கும். பல புற்றுநோய்ச் செல்களில் வெளியே தெரியும்.

உயிருள்ள செல்லில் இந்தச் சர்க்கரைகளைப் பார்க்க அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசி வேறு வழி கண்டார். அசைடு என்ற சிறு நைட்ரஜன் தொகுதி ஒட்டிய சர்க்கரையைக் கொடுத்தால் செல் அதைத் தன்னுடையதாக நினைத்துச் சங்கிலியில் கோத்துவிடும். அசைடோடு மட்டும் இணையும் ஒளிரும் சாயத்தை அப்புறம் சேர்க்கலாம், செல்லின் மற்ற வேலைகள் கெடாது. வரிக்குதிரை மீனின் கரு வளர வளர எந்தப் பகுதியில் புதுச் சர்க்கரை முளைக்கிறது என்பதை 2008-ல் இப்படித்தான் பார்த்தார்கள். 2022 வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது.