பார்வை ஒன்றையொன்று தொடாத கமராக்களும் அவற்றுக்கு இடையிலான நேரமும்

யாழ்ப்பாண நகரில் கண்காணிப்புக் கமரா இல்லாத கடையைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. ஆனாலும் ஒரு கமராவின் பார்வை முடியும் இடத்துக்கும் அடுத்ததன் பார்வை தொடங்கும் இடத்துக்கும் நடுவில், எந்தக் கமராவும் பார்க்காத வீதித் துண்டு ஒன்று பெரும்பாலும் கிடக்கிறது. கமராக்களைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் இருப்பதால், அந்த இடைவெளியைப் பற்றிய கேள்விகளை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். எல்லா இடத்தையும் பார்க்கும் அளவுக்குக் கமராக்களை வாங்கிக் குவிப்பதே வழி என்று பலர் எண்ணுகிறார்கள். இருக்கும் பதிவுகளிலிருந்தே அந்த இடைவெளியைப் பற்றி எவ்வளவோ அறியலாம் என்பது பரவலாகத் தெரியவில்லை.

இத்துறையில் 2004ஆம் ஆண்டிலேயே மக்ரிஸ், எலிஸ், பிளாக் ஆகியோர், ஒரு கமராவில் ஆட்கள் வெளியேறும் நேரங்களையும் இன்னொன்றில் நுழையும் நேரங்களையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே பாதை உண்டா என்பதைக் கணினியே கற்கும் வழியைக் காட்டினார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோய், சியாங், கோங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த படிக்குச் சென்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது நிலக்கீழ் ரயில் நிலையமொன்றின் கமராக்கள். செக்கனுக்கு ஒரு படம்கூட முழுமையாகக் கிடைக்காத பதிவுகள் அவை. நெரிசலில் முகமோ உடையோ தெளிவாகத் தெரியாத அத்தகைய படங்களில் தனி ஆளைப் பின்தொடர்வது கடினம். ஆகவே ஒவ்வொரு கமராவின் காட்சியையும் அசைவின் தன்மைக்கேற்பச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியில் நேரத்துக்கு நேரம் எவ்வளவு அசைவு இருந்தது என்பதை மட்டும் எண்களாக எடுத்தார்கள். பின்னர் ஒரு பகுதியின் எண்வரிசையை நேரத்தில் சிறிது சிறிதாக நகர்த்தி, மற்றப் பகுதியின் எண்வரிசையோடு எந்த நகர்வில் மிக நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். பொருத்தம் உச்சத்தை அடையும் நகர்வே, ஓரிடத்துக் கூட்டம் மற்ற இடத்தை அடைய எடுக்கும் நேரம்.

எங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கஸ்தூரியார் வீதியில் இருநூற்றைம்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு கமராக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் அந்தத் தூரத்தை 30 செக்கன்களில் கடந்துவிடும். சாதாரணமாக நடப்பவருக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே ஒரே வீதியில் ஓர் உச்சத்துக்குப் பதிலாக இரண்டு உச்சங்கள் தோன்றலாம். சைக்கிள்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புவார்கள். சராசரியை மட்டும் எடுத்தால் மிகச் சிலரே எடுக்கும் ஒரு நேரம்தான் விடையாக வரும். எனவே ஒவ்வொரு நகர்விலும் பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் முழு வளைகோட்டையும் பார்க்க வேண்டும்.

பொய்யான தொடர்புகளும் வரும். காலையில் கடைகள் திறக்கும்போது நகரின் எல்லாக் கமராக்களிலும் அசைவு கூடுகிறது; அதை வைத்து ஆஸ்பத்திரி வீதிக் கமராவும் நல்லூர்க் கமராவும் தொடர்புடையவை என்று கொள்ள முடியாது. நாளாந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்த பின்னரே ஒப்பிட வேண்டும். பஸ் நிலையத்துக்கு அருகில் இன்னொரு சிக்கல் உண்டு: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தால், மூன்றாம் நிமிடத்தில் உள்ள உண்மையான உச்சம் பதினெட்டிலும் முப்பத்துமூன்றிலும் மறுபடி தோன்றும். இதற்கு மாறாக, ரயில் வந்து இறங்கும் கூட்டம் கற்பதற்கு மிக நல்ல தரவு. சட்டென்று எழுந்து அடங்கும் அந்த அலை ஸ்ரான்லி வீதிக் கமராக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வதைத் தெளிவாகக் காணலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் மற்ற நாட்களோடு கலக்கவே கூடாது. கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதால் பாதைகளே வேறாகின்றன.

இவை அனைத்திலும் நான் அதிகம் வற்புறுத்துவது கடிகாரத்தைத்தான். கமராப் பதிவுகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடினாலும், அந்த மூன்று நிமிடம் மாறாமல் இருக்கும்வரை கணக்கு கெடாது. கற்கும் நேரத்தோடு அதுவும் சேர்ந்துவிடும். வழு மாறிக்கொண்டே போவதுதான் ஆபத்து. பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகும் கடிகாரம் நாளொன்றுக்கு 1.7 செக்கன், மாதத்துக்கு ஐம்பது செக்கனுக்கு மேல் விலகும். அது மோட்டார் சைக்கிளின் 30 செக்கன்களை முற்றாக விழுங்கிவிடும். உள்ளே இருக்கும் சிறிய பொத்தான் பற்றரி செத்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது. 2022இல் நீண்ட மின்வெட்டுகள் இருந்த காலத்தில் இந்தக் குறை பல இடங்களில் வெளிப்பட்டது. இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் பெட்டிகளிலும் நேரவலயத்தைப் பாருங்கள். சீன நேரத்தில் விடப்பட்டிருந்தால் எங்கள் நேரத்திலிருந்து இரண்டரை மணித்தியாலம் முந்திக் காட்டும்.

இந்த முறை சொல்வது கூட்டத்தின் போக்கை. மூன்று நிமிடம் கழித்து உங்கள் கமராவில் தெரிந்த இளைஞர்தான் முதல் கமராவின் பார்வையிலிருந்து போனவர் என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. அந்த நேர இடைவெளி, எந்தப் பதிவை முதலில் பார்க்கலாம் என்று தேடலைச் சுருக்க உதவும். ஒருவரைக் குற்றவாளி என்று முகநூலில் படம் போடுவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. அப்படிப் போடப்பட்ட படம் திரும்ப அழிக்கப்பட்டாலும், அந்தப் பிள்ளையின் பெயருக்கு ஏற்பட்ட கேடு ஊரில் நெடுநாள் நிற்கும்.

கூட்டத்தின் போக்கைக் கற்க முகங்களைச் சேமிக்க வேண்டிய தேவையும் இல்லை. அசைவின் அளவும் நேரமும் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கும் நிலையில், ஒருவரை அடையாளம் காட்டும் படங்களைத் தேவைக்கு மேல் வைத்திருப்பவர்கள் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

பொலிஸார் பதிவு கேட்டு வரும்போது, பிரதி எடுப்பதற்கு முன் பெட்டி காட்டும் நேரத்தையும் கைத்தொலைபேசி காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்து, வித்தியாசத்தைத் தாளில் எழுதிப் பதிவோடு கொடுங்கள். அதற்குப் பின்னரே பெட்டியின் நேரத்தைத் திருத்துங்கள்.