போனின் ரேமைக் காலி செய்ய வேண்டுமா?

ஏற்காடு பேருந்து எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திறந்திருக்கும் செயலிகளையெல்லாம் ஒரே தட்டில் மூடும் 'கிளியர் ஆல்' பொத்தானை மூன்றாவது முறையாகப் போனில் அழுத்தினார். "மெமரி நெறைஞ்சா சூடாயிருதுங்க தம்பி. சார்ஜும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறும்போதே, தங்கப்போகும் விடுதியின் முகவரியும் வழியும் இருந்த இணையப் பக்கத்தை அவர் திறந்து வைத்திருந்தார். இப்போது வழி கேட்கலாம் என்று தேடினால் பக்கம் இல்லை. மறுபடி திறக்க மலையில் சிக்னலும் இல்லை. வெள்ளைத் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. போன் நன்றாக இருக்க வேண்டுமென்ற அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை போனுக்கு வேலையைக் கூட்டுகிறது என்பதை விளக்கிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

குழப்பம் 'மெமரி' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. கடையில் '8, 128' என்று சொல்லிப் போன் விற்கிறார்கள். 8 ஜிபி என்பது ரேம்; 128 ஜிபி என்பது ஸ்டோரேஜ். இரண்டையுமே நாம் மெமரி என்கிறோம். மாலையில் சேலத்துத் தெருவில் தட்டுவடை செட் போடும் வண்டியைப் பாருங்கள். கேரட் பீட்ரூட் துருவல், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி எல்லாம் மேல்பலகையில் கைக்கெட்டும் கிண்ணங்களில் இருக்கும். மீதிச் சரக்கு வண்டிக்கு அடியில். மேல்பலகைதான் ரேம், அடித்தட்டு ஸ்டோரேஜ். ஒரு செட் கொடுத்து முடித்ததும் கிண்ணங்களையெல்லாம் மூடிக் கீழே இறக்கி, அடுத்த ஆள் வந்ததும் மறுபடி எடுத்துப் பரப்பினால் அந்தக் கடையில் வியாபாரம் எப்படி நடக்கும்? பலகை நிறைந்திருப்பதால்தான் கை வேகமாக ஓடுகிறது.

ரேம் நிறைந்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்பதும் தவறான எண்ணம். ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும், அதாவது தரவின் மிகச்சிறிய துண்டும், மிக நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அது தானாகக் கசியும் என்பதால், சில்லு ஒரு நொடிக்குள் பல முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறது. அங்கே உங்களுக்குத் தேவையான தரவு இருக்கிறதா, பழைய குப்பை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நிறைந்த ரேமும் காலி ரேமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மின்சாரம் குடிக்கும்.

அப்படியானால் வரிசையில் தெரியும் அத்தனை செயலிகளும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கவில்லையா? பெரும்பாலும் இல்லை. நீங்கள் வேறு செயலிக்குப் போனதும் பழையது சற்று நேரத்தில் உறைநிலைக்குப் போய்விடும். ரேமில் இடம் பிடித்திருக்கும். ஆனால் அதற்குள் வேலை எதுவும் நடக்காது. ஆண்ட்ராய்டு இவற்றுக்கு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. கண்முன் இருப்பது முதலில், பாட்டு பாடிக்கொண்டிருப்பது அடுத்து, மறந்துபோனது கடைசியில். இடம் போதாதபோது கடைசியில் இருப்பதிலிருந்து தானே நீக்கும். ஐபோனிலும் ஐபேடிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. நீக்குவதற்கு முன் ஆண்ட்ராய்டு இன்னொன்றும் செய்யும்: பயன்படாத தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். ஓரறை வீட்டில் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவோமே, அதுபோல.

செயலியைத் தள்ளி நீக்கிவிட்டு மறுபடி திறந்தால் என்ன ஆகிறது? ஸ்டோரேஜிலிருந்து நிரலைப் படிக்க வேண்டும், ரேமில் அடுக்க வேண்டும், படங்களைத் திரும்ப வரைய வேண்டும், பல சமயம் இணையத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டும். அந்த நேரத்தில் போனின் பிராசசர் முழு வேகத்தில் ஓடும். ரேமில் காத்திருந்த செயலி கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பி வந்திருக்கும். அதனால் அடிக்கடி திறக்கும் செயலிகளைத் துடைக்கத் துடைக்க பேட்டரி கூடுதலாகவே கரையும். 2016இலேயே ஆப்பிளில் மென்பொருள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கிரெய்க் ஃபெடரிகி, பேட்டரியைக் காக்கச் செயலிகளை மூட வேண்டியதில்லை என்று ஒரு வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

ரேமைக் காலி செய்து தருவதாக 'பூஸ்டர்' என்ற பெயரில் வரும் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவை நீக்கும் செயலிகளில் பல சிறிது நேரத்தில் தாமே எழுந்து வரும். பூஸ்டர் மறுபடி நீக்கும். நடுவில் விளம்பரம் வேறு. செட்டிங்ஸில் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அழுத்துவதிலும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டில் அப்படி நிறுத்திய செயலியை நீங்களாகத் திறக்கும்வரை அதற்குச் செய்திகளோ அறிவிப்போ வராது. ஒரு செயலி உறைந்து நின்றுவிட்டாலோ, சேருமிடம் வந்த பிறகும் வரைபடச் செயலி வழிகாட்டிக்கொண்டே ஜிபிஎஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தாலோ மூடுவது சரிதான். ரேம் 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய டேப்லெட்டில் பெரிய விளையாட்டு ஒன்று திணறினால் டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கையால் காலி செய்ய வேண்டியது ஸ்டோரேஜைத்தான். ஸ்டோரேஜாக இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேல் புதிதாக எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே எழுதலாம். விளிம்புவரை நிரம்பிவிட்டால் தரவை இங்குமங்கும் நகர்த்தித்தான் அது இடம் தேட வேண்டும், எழுதும் வேகம் விழும். வாட்ஸ்அப்பில் குவிந்துகிடக்கும் காலை வணக்க வீடியோக்களை அழியுங்கள். அந்த வேலைக்குப் பலன் உண்டு.

பெரியவரின் போன் சூடானதற்குக் காரணம் வேறு. மலைப்பாதையில் செல்போன் கோபுரம் தொலைவாகிவிடும், இடையே பாறையும் காடும் மறைக்கும். தொடர்பு அறுந்துவிடாமலிருக்கப் போன் அதிக ஆற்றலில் அலை அனுப்பும், அறுந்தால் ஓயாமல் தேடும். வெயிலுக்காகத் திரையின் வெளிச்சத்தையும் கூட்டி வைத்திருந்தார். ஊர் வரும்வரை ஃபிளைட் மோடில் போடச் சொன்னேன். வெளிச்சத்தைக் குறைத்தோம்.

ஏரி தெரிந்தபோது ஃபிளைட் மோடை எடுத்தோம், சிக்னல் வந்தது. விடுதியின் பக்கம் திறந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். "இது கிளியர் ஆல்ல போயிராதா தம்பி?" என்று கேட்டார். இது ஸ்டோரேஜில் இருக்கிறது, நீங்களாக அழிக்கும்வரை போகாது என்றேன். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.