பத்து டாலர் ஏமாற்றுக்கு யார் வழக்குப் போடுவது?

ஒரு கம்பெனி ஆளுக்குப் பத்து டாலர் வீதம் லட்சம் பேரை ஏமாற்றினால் அதற்குக் கிடைப்பது பத்து லட்சம் டாலர். ஆனால் பத்து டாலருக்காக வக்கீல் வைக்க எவரும் மெனக்கெடமாட்டார்கள். அமெரிக்க மாநிலங்கள் தங்கள் சட்டத் துறைக்குள்ளேயே பொதுமக்கள் பாதுகாப்புப் பிரிவுகளை உருவாக்கியது இதற்காகத்தான்.

நியூயார்க் இதில் முன்னோடி. 1956இல், ஜேக்கப் ஜேவிட்ஸ் அட்டர்னி ஜெனரலாக (மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக) இருந்தபோது, அங்குள்ள நிர்வாகச் சட்டத்தில் மோசடி செய்பவர்கள்மீது அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட வழிசெய்யும் 63(12) என்ற உட்பிரிவு சேர்ந்தது. 1957இல் பதவிக்கு வந்த லூயிஸ் லெஃப்கோவிட்ஸ் நுகர்வோர் மோசடிக்கென்றே தனிப் பிரிவு அமைத்தார்.

அந்த உட்பிரிவின் பலம் அதன் வரையறையில் இருக்கிறது. மோசடி 'திரும்பத் திரும்ப' நடந்ததாகக் காட்ட வேண்டும். ஆனால் ஒருவருக்கு மேற்பட்டோரைப் பாதித்திருந்தாலே அது திரும்ப நடந்ததாகக் கணக்கு. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. நடைமுறையில், வரும் புகார்களை ஊழியர்கள் முதலில் கம்பெனிக்கு அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். ஒரே மாதிரிப் புகார்கள் குவிந்தால், கம்பெனியின் ஆவணங்களைக் கேட்டு சம்மன் போகும். அப்புறம், 'இனிச் செய்யமாட்டோம்' என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழி, அல்லது நீதிமன்றம். அங்கே தடையாணையோடு, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவையும் கேட்கலாம்.

புகாரைப் படிப்பவரும் வழக்கை நடத்துபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் கோப்பு மேசை மேசையாக அலைவதில்லை. 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே தேர்ந்தெடுப்பதால், மாநில அரசை நடத்தும் ஆளுநர் சொல்லி வழக்கை நிறுத்திவிடவும் முடியாது. ஒரு சிக்கல் உண்டு: அரசுத் துறைகளுக்காக வாதாடுவதும் இதே அலுவலகம்தான். மக்களை ஏமாற்றியது அரசுத் துறையே என்றால் இந்தப் பிரிவை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அட்டர்னி ஜெனரலின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் புகையிலை வழக்கு காட்டியது. 'தெரிந்துதானே புகைத்தார்' என்று சொல்லியே கம்பெனிகள் தனிநபர் வழக்குகளைத் தோற்கடித்துவந்தன. 1994இல் மிசிசிப்பியின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் வேறு வழி பிடித்தார்: நோயாளிகளுக்குச் செலவழித்தது அரசு, அரசு புகைக்கவில்லையே! மற்ற மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. 1998இல் 46 மாநிலங்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. கம்பெனிகள் தர ஒப்புக்கொண்டது முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் 20,000 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தைப் புகைப்பழக்கத் தடுப்புக்கே செலவிட வேண்டும் என்று உடன்பாட்டில் கட்டாயம் இல்லை. பல மாநிலங்கள் பட்ஜெட் ஓட்டைகளை அடைக்க அதை எடுத்துக்கொண்டன. இவ்வளவு நன்றாக நடத்திய வழக்கில் அந்த ஒரு நிபந்தனையை எழுதாமல் விட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.